சிவப்பு வட்டத்துக்குள் ஒரு எழுத்து

ஜூன் 3

தங்கைக்கு,

என்னிடமிருந்து கடிதம் வரும் என்று நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய். எழுதுவேன் என்று நானும் நினைக்கவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டைத் துடைத்தபோது உன்னுடைய வெந்நீர்ப் பை கிடைத்தது. பிறத்தியார் பொருளை வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை. துவைத்த உறையைப் போட்டு, தனியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மூடியின் வளையம் தேய்ந்திருக்கிறது. அது முன்பே தேய்ந்ததுதான், என்னால் ஆனதல்ல.

அவர் போன அன்று கூடத்தில் அத்தனை பேர் முன்னால் நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். இரண்டு வருடம் ஆகிறது. அதை நான் திரும்பப் பெறவில்லை. பழைய ஆபீஸ் நண்பரைப் பார்க்க உன் ஊருக்கு வந்தவர், உன் வீட்டில் நான்கு நாள் தங்கினார். "உன் தங்கச்சி கழுத்தைப் பாத்துட்டா, இனிமே கவலை இல்லை" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். பதினெட்டாம் நாள் குளியலறை வாசலில் விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கழுத்துக்குள்ளேயே அடைத்துக்கொண்டதாகச் சொன்ன டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "யாராவது கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுத்தாங்களா?" என்பது. நாற்பது வருடமாகப் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் உனக்கு அந்தக் கேள்வியின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

வெந்நீர்ப் பையோடு இதைச் சொல்ல நினைக்கவில்லை. பேனாவை எடுத்தால் வந்துவிடுகிறது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஏழு மாதமாக அவ்வப்போது கொஞ்சம் மயக்கம், பிடரியில் வலி. மாத்திரை சாப்பிடுகிறேன். இதை உன்னிடம் வைத்தியம் கேட்கும் நோக்கத்தில் எழுதவில்லை. உறையின் ஓரத்தைத் தைத்திருப்பது கோணலாக இருந்தால், அதற்குக் காரணம் கூற வேண்டும் என்பதற்காக எழுதினேன். குனிந்து ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

அக்கா

ஜூன் 11

அக்காவுக்கு,

பை வந்தது. தையல் கோணல்தான். நீ கோணலாகத் தைத்து என் ஆயுசில் இப்போதுதான் பார்க்கிறேன், அதனால் பயந்து போய் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுத் தமிழ் டீச்சரிடம் காட்டித் திருத்தி வாங்கி, நல்ல தாளில் எழுதி அனுப்புகிறேன். உன் சிவப்பு மைக்கு வேலை கொடுக்கக் கூடாது என்றுதான். ஹாஸ்டலில் படித்த காலத்திலிருந்து நான் எழுதிய எந்தக் கடிதத்துக்கு நீ பதில் போட்டிருக்கிறாய்? என் கடிதமே வட்டம் வட்டமாகத் திரும்பி வரும். "நான்கு பிழை. திருத்தி எழுது." ஊரில் எல்லோருக்கும் அக்கா கடிதம் போடுவாள், எனக்கு மார்க் போடுவாள் என்று தோழிகள் கேலி செய்வார்கள். நீ கான்வென்ட்டில் படித்தவள், அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் புரூஃப் பார்த்தவள். நான் தெருமுனைப் பள்ளிக்கூடம். சரி, போகட்டும்.

கூடத்தில் நீ சொன்னதற்கு நான் அன்றைக்கும் பதில் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லப் போவதில்லை.

உன் மயக்கத்துக்கு வருகிறேன். மயக்கம் என்றால் என்ன? கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? நடக்கும்போது தள்ளுகிறதா? இல்லை, நீ சும்மா இருக்க, அறை சுற்றுகிறதா? எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது? படுக்கையில் எந்தப் பக்கம் புரண்டால் வருகிறது? காதில் இரைச்சல் உண்டா? எல்லாரையும் ஒரு எழுத்துக்காக நிற்க வைத்துக் கேட்ட நீ, உன் உடம்புக்கு மட்டும் கிடைத்த சொல்லைப் போட்டு எழுதியிருக்கிறாய்.

கடிதத்தில் வைத்தியம் சொல்ல மாட்டேன். தொட்டுப் பார்க்காமல் சொன்னால் தப்பு. உன் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்த பெண் இருக்கிறாள், கெட்டிக்காரி. பிசியோ பிரிவு, தரைத்தளம், கடைசி அறை. போ.

தங்கை

ஜூன் 16

தங்கைக்கு,

உன் டீச்சர் இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருக்கிறார். சொல்லி வை.

கேட்டாய், சொல்கிறேன். கண் இருட்டவில்லை. அறைதான் சுற்றுகிறது. காலையில் வலப்பக்கம் புரண்டு எழும்போது, ஜன்னலும் பீரோவும் அவருடைய படமும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. முப்பது எண்ணுவதற்குள் நின்றுவிடும். பிறகு வயிற்றைப் புரட்டும். மேல் தட்டில் இருக்கும் டப்பாவை அண்ணாந்து பார்த்தாலும் வரும். மார்ச் மாதம் அப்படித்தான் சமையலறையில் விழுந்தேன். டப்பா உடைந்தது, நான் உடையவில்லை. காதில் இரைச்சல் இல்லை.

டாக்டரிடம் மயக்கம் என்றுதான் சொன்னேன். சுற்றுகிறது என்று சொன்னால் அடுத்தது தள்ளாடுகிறாள் என்பார்கள். அதன்பின் தனியாக இருக்க விடமாட்டார்கள். மயக்கம் கௌரவமான சொல் என்று நினைத்தேன். டாக்டர் என் இதயத்துக்கு மூன்று பரிசோதனை எடுத்தார். இதயம் பழுதில்லையாம். மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் பகலெல்லாம் தூக்கம். விழித்தால் மறுபடி சுற்றல்.

அதனால் தலையைத் திருப்புவதையே விட்டுவிட்டேன். ஏழு மாதமாக, தலையில் நிறைகுடம் இருப்பதுபோல் நடக்கிறேன். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறேன். கான்வென்ட்டில் மதர் எங்கள் தலையில் புத்தகத்தை வைத்து நடக்கச் சொல்வார். இப்போது பார்த்தால் முதல் பரிசு கொடுப்பார். வலி பிடரியில் தொடங்கி நெற்றிக்கு ஏறுகிறது. இரண்டு தலையணை முதுகுக்கு வைத்து, உட்கார்ந்தபடியே தூங்குகிறேன்.

அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் போகமாட்டேன். கழுத்தில் கை வைப்பவர்களிடம் இந்த வீட்டிலிருந்து ஒருவர் போனது போதும்.

அக்கா

ஜூன் 21

அக்காவுக்கு,

இதை டீச்சருக்குக் காட்ட நேரமில்லை. ஃபோனில் அவரிடம் சொல்லச் சொல்ல, அவரே எழுதித் தருகிறார். அதனால் திட்ட நினைத்ததை எல்லாம் திட்ட முடியவில்லை.

நீ மூன்று வரியில் எழுதியதை டாக்டரிடமும் சொல்லியிருந்தால் ஏழு மாதம் மிச்சம். புரண்டால் சுற்றுகிறது, அண்ணாந்தால் சுற்றுகிறது, அரை நிமிஷத்தில் நிற்கிறது. இதற்குப் பெரும்பாலும் காதுக்குள் இருக்கும் தூசி அளவு மணிகள்தான் காரணம். இருக்க வேண்டிய இடத்தை விட்டு நழுவி வேறு குழாய்க்குள் போய்விடும். நீ அசையும்போது அதுவும் அசையும். மூளை, நீ சுற்றுவதாக நினைத்துக்கொள்ளும். மாத்திரை அந்த மணியை எடுத்து வைக்காது. தலையைச் சில நிலைகளில் மெதுவாகத் திருப்பிப் படுக்க வைத்தால் அது தானே பழைய இடத்துக்கு உருண்டு போகும். பலருக்கு ஒரே நாளில் போகும், சிலருக்கு இரண்டு மூன்று தடவை ஆகும். திரும்ப வரவும் வரும். மந்திரம் இல்லை.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். நிச்சயம் என்று சொல்ல, ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் உன் கண் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

உன் கழுத்து வலி நீயே வரவழைத்தது. அசையாத கழுத்து வலிக்கத்தான் செய்யும்.

கௌரவமான சொல்லாம்! முகவரியைத் திரும்ப எழுதுகிறேன். தரைத்தளம், கடைசி அறை. என் பெயரில் கோபம் இருந்தால் என் பெயரைச் சொல்லாதே. போய்விட்டு வந்து எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

தங்கை

ஜூலை 2

தங்கைக்கு,

போனேன். கீழ்வீட்டு அம்மாள் கூட வந்தார். ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டேன்.

வாசலில் சீட்டு எழுதுபவன் "பாட்டி, உக்காருங்க" என்றான். "நான் யாருக்கும் பாட்டி இல்லை, சீட்டில் அப்படி எழுதிவிடாதே" என்றேன். கடைசி அறை நீளமானது. பச்சை ரெக்சின் விரித்த நான்கு கட்டில்கள், பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், சுவரில் கயிறும் கப்பியும். ஒரு லாரி டிரைவர் தோளைத் தூக்க முடியாமல், கயிற்றை இழுத்தபடி ரேடியோவுக்கு ஈடாக முனகிக்கொண்டிருந்தார். உன் தோழிக்கு வயது ஐம்பது இருக்கும். நரை. கை கழுவிவிட்டுத் துடைத்துக்கொண்டே வந்தாள். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. அது எனக்குப் பிடித்தது.

படுக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கை வைக்கறதுக்கு முன்னாடி சிலது கேக்கணும்மா. பொருள் எதுவும் ரெண்டு ரெண்டா தெரியுதா?"

"இல்லை."

"பேச்சு குழறுதா? முகத்துல, கையில மரத்துப்போற மாதிரி? முழுங்கறதுக்குக் கஷ்டம்?"

"இல்லை. இதெல்லாம் எதற்கு?"

"இதுல ஒண்ணுக்கு ஆமான்னு சொல்லியிருந்தீங்கன்னா உங்க கழுத்தை நான் தொடவே மாட்டேன். அப்பவே நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன். எங்க சீனியர் எங்களுக்குப் போட்ட முதல் விதி இது. கேட்டுட்டுத்தான் கை. ஒருத்தி கேக்காம ஒரு பேஷன்ட்டைத் தொட்டுட்டான்னு ரெண்டு நாள் ரூம் வாசல்லயே நிக்க வெச்சுட்டாங்க."

"யார் உங்கள் சீனியர்?" என்று கேட்டேன். அவள் உன்னைச் சொன்னாள். நான் உன் அக்கா என்று சொல்லவில்லை.

பிறகு என்னைக் கட்டிலில் நீளவாட்டில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்து, "பிடிச்சிருக்கேன், விட மாட்டேன், கண்ணை மட்டும் மூடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே சட்டென்று சாய்த்தாள். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே அவள் உள்ளங்கையில் இருந்தது. கூரையும் கப்பியும் டிரைவரும் ஓடினார்கள். நான் கத்தினேன். எழுபது வயதில், அந்நியர்கள் முன்னால். அவள் மணிக்கட்டை என் நகம் கீறிவிட்டது. அவள் என் கண்ணைப் பார்த்தபடி, "ஆடுது, நல்லா ஆடுது, வலது காதுதான்" என்றாள், தொலைந்த சாவி கிடைத்த மாதிரி. நின்றதும் தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினாள். காத்திருந்தாள். பிறகு உடம்போடு இடப்பக்கம் உருட்டித் தரையைப் பார்க்க வைத்தாள். தரையில் ஒரு பஞ்சுத் துணுக்கு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுப்பி உட்கார வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மொத்தமும் மறுபடி. இரண்டாவது தடவை கூரை அவ்வளவாக ஓடவில்லை.

"உங்க கழுத்து பலகை மாதிரி இருக்கும்மா. யாரு இப்படி நிமிந்து நடக்கச் சொல்லிக் குடுத்தது?"

"ஒரு மதர்."

"அம்மாவா?"

"இல்லை. கன்னியாஸ்திரீ."

டிரைவர் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்.

நேற்றுக் காலை வலப்பக்கம் புரண்டு பார்த்தேன். பீரோ அதன் இடத்தில் இருந்தது. அவர் படமும். எவ்வளவு நேரம் அப்படியே படுத்திருந்தேன் என்று தெரியவில்லை.

இதற்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் வேறொன்று கேட்க வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்கு விதி போட்டவள், அவரிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டாயா? அவர் என்ன சொன்னார்? அவர் கழுத்தில் நீ கை வைத்தாயா, இல்லையா? ஒரே சொல்லில் எழுது.

அக்கா

ஜூலை 8

அக்காவுக்கு,

பீரோ நின்றுவிட்டது என்று படித்ததும் டீச்சர் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அவர், "உங்க அக்கா பீரோவுக்கு என்ன?" என்கிறார்.

இனிமேல்தான் உன் வேலை. மணி இடத்துக்கு வந்தாலும், ஏழு மாதம் பயந்த உடம்புக்குப் பயம் போகாது. கழுத்தைத் தினமும் இரண்டு வேளை மெதுவாக, வலிக்கும் எல்லை வரைக்கும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பு. வெந்நீர் ஒத்தடம் கொடு. (பையை ஏன் திருப்பி அனுப்பினாய்? அதற்குத்தான் அதை அங்கேயே விட்டிருந்தேன்.) ஒரு அட்டையில் பெரிதாக ஒரு எழுத்தை எழுதிக் கண் மட்டத்தில் சுவரில் ஒட்டச் சொல்லியிருப்பாளே? எழுத்தை விட்டுக் கண் நகரக் கூடாது, தலை மட்டும் ஆட வேண்டும். முதலில் எழுத்து ஆடுகிற மாதிரி இருக்கும். நாளாக ஆக நிற்கும். பிறகு ஒரு காலின் விரல்களுக்கு முன்னால் மறுகாலின் குதிகால் வைத்து, சுவர் பக்கத்தில், ஆனால் சுவரைப் பிடிக்காமல் நின்று எண்ணு.

நீ கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. தெரிந்து உனக்கு ஆகப் போவது ஒன்றுமில்லை. என்மேல் கோபமாக இருப்பது உனக்குப் பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது. அதை அப்படியே விட்டுவிடு அக்கா.

தங்கை

ஜூலை 19

தங்கைக்கு,

உன் தோழி, எந்த எழுத்தானாலும் பரவாயில்லை என்றாள். அட்டையை எடுத்ததும் என் கை தானாக 'ற' என்று எழுதியது. முப்பத்திரண்டு வருடத்தில் நான் அதிகம் வட்டமிட்ட எழுத்து அதுதான். 'ர' வர வேண்டிய இடத்தில் 'ற', 'ற' வர வேண்டிய இடத்தில் 'ர'. பீரோவுக்கும் படத்துக்கும் நடுவில் ஒட்டினேன்.

காலையும் மாலையும் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். நான்கு நாள் எழுத்து ஆடியது. ஐந்தாம் நாள் நின்றது. நின்றதும் அது சுவரில் இல்லை. நீலக்கோடு போட்ட தாளில், உன் உருண்டைக் கையெழுத்துக்கு நடுவில், சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது.

அச்சகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில், அங்கே புரூஃப் பார்த்த பெரியவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "பொருளைப் படிக்காதேம்மா. பொருளைப் படிச்சா கண்ணு வழுக்கிட்டு ஓடிடும், பிழை மாட்டாது. கடைசி வரியிலேருந்து மேல வா. எழுத்தை மட்டும் பாரு." அப்படிப் படித்துத்தான் நல்ல பெயர் வாங்கினேன். உன் கடிதங்களையும் அப்படியே படித்தேன். முதலில் கீழிருந்து மேலே எழுத்து. பிறகு மேலிருந்து கீழே பொருள். எப்போதும் இரண்டும் செய்வேன். செய்வேன் என்று நினைத்திருந்தேன்.

அவர் உன் ஊரிலிருந்து வந்த ஐந்தாம் நாள் உன் கடிதம் வந்தது. ஆறு பிழை. ஆறு என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஓரத்தில் எண் போட்டு அடிக்கோடிட்டேன். மேலிருந்து படிக்கத் தொடங்குமுன் அவர் கூடத்திலிருந்து கூப்பிட்டார். "கிளம்பலாமா? கடையை மூடிடப் போறான்." புதுக் கண்ணாடி சரியில்லை என்று அந்த மாதத்தில் இரண்டாவது தடவையாகக் கண்ணாடிக் கடைக்குப் போனோம். "எழுத்து மேல எழுத்து ஏறுது" என்று கடைக்காரரிடம் சண்டை போட்டார். "உங்களுக்கு எதிலும் குறை" என்று நான் அவரைக் கடிந்துகொண்டேன். போகிற வழியில்தான் உன் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டேன்.

எழுத்து மேல் எழுத்து. இது இரண்டு வருடமாக என் வீட்டிலேயே கிடந்திருக்கிறது. நான் அதைக் கண்ணாடிக் கடைக்காரர் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

வட்டத்துக்குள் இருந்த சொல் எது என்று எனக்கு நினைவு வந்துவிட்டது. சுற்றிலும் இருந்த வாக்கியம் வரவில்லை, ஏனென்றால் நான் அதைப் படிக்கவே இல்லை. அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் அனுப்பு. கிழித்துவிட்டேன் என்று எழுதாதே. நீ ஒரு துண்டுச் சீட்டையும் கிழிக்காதவள்.

அக்கா

ஜூலை 26

அக்கா,

இதை டீச்சரிடம் காட்டவில்லை. இதை யாரிடமும் காட்ட முடியாது. பிளை இறுக்கும்.

கடிதம் இதோடு இருக்கிறது. இரண்டு வருடமாக மருந்துப் பெட்டியில் வைத்திருந்தேன். கூடத்தில் நீ என்னைச் சொன்ன அன்று அது என் கைப்பைக்குள்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிறுக்கலாம். அத்தானை அங்கே கிடத்தியிருக்கும்போது உன் சிவப்பு மையை உனக்கே எப்படிக் காட்டுவேன்?

ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. நல்லவள் என்று நினைத்துவிடாதே. அத்தான் உன்னிடம் சொல்லவே கூடாது என்றார். "உங்கக்கா என்னைப் படுக்கையில போட்டுக் காவல் காப்பா, விடு" என்று சிரித்தார். ஃபோனை எப்போதும் அவர்தான் எடுப்பார், அதனால்தான் எழுதினேன். நீ படித்ததும் அலறிக்கொண்டு ஃபோன் செய்வாய் என்று, கடிதம் உனக்குச் சேர்ந்திருக்கும் நாளிலிருந்து மூன்று நாள் காத்திருந்தேன். நாலாம் நாள் தபால்காரர் என் கடிதத்தையே கொண்டு வந்து கொடுத்தார். ஆறு வட்டம். ஒரு சொல் பதில் இல்லை. அத்தானுக்கு இரண்டாகத் தெரிகிறது என்று எழுதினேன், நீ அதற்கு 'ர' சரியில்லை என்கிறாய். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. போ, நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டேன். பத்து நாள். பத்து நாளில் ஒரு பஸ் ஏறி வந்திருக்கலாம். கீழ்வீட்டு அம்மாளுக்கு ஃபோன் செய்து உன்னைக் கூப்பிடச் சொல்லியிறுக்கலாம். ரோஷம். பிரகு ஃபோன் வந்தது.

நீ என்னைக் கொலைகாரி மாதிரி பார்த்தபோது, பாதி சரிதான் என்று பட்டது. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

ஒரே சொல்லில் கேட்டாய். வைக்கவில்லை.

நீ இங்கே வராதே. இப்போது வேண்டாம். உன்னைப் பார்த்தால் கட்டிக்கொள்வேனா, கத்துவேனா என்று எனக்குத் தெறியவில்லை. சின்ன வயதில் நீ கூப்பிட்ட பெயரையே கீழே போடுகிறேன்.

வாலு

(உள்ளே இருந்த தாள்)

அக்கா, அத்தான் நேற்று களுத்து வலிக்குப் பயிற்சி கேட்டார். நான் கை வைக்கவில்லை. தலை சுற்றும்போது எல்லாம் இறட்டையாகத் தெறிகிறதாம். போன வாரம் ஒரு நாள் பேச்சு குழறியதாம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டதாம். இது பயிற்சியில் தீறுவது இல்லை. உடனே மூளை நரம்பு டாக்டரிடம் அளைத்துப் போ. நாளைக்கே போ. மரக்காதே.

6 பிழை. திருத்தி எழுது.

ஆகஸ்ட் 4

வாலு,

அந்தத் தாளை நின்றுகொண்டுதான் படித்தேன். மேலிருந்து கீழே. முதல் வரியிலிருந்து கடைசி வரிக்கு, அவசரமில்லாமல். ஐம்பது சொற்கூட இல்லை. கண்ணாடிக் கடை மூடுவதற்குள் நான்கு தடவை படித்திருக்கலாம்.

படித்து முடித்துச் சட்டென்று தலையைத் தூக்கினேன். அறை சுற்றவில்லை. பீரோ நின்றது, ஜன்னல் நின்றது, அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். நீயும் உன் தோழியுமாக என்னைச் சரியாகக் குணப்படுத்திவிட்டீர்கள். சுற்றியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போனேன். அன்று கூடத்தில் இருந்தவர்களில் ஐந்து பேர் அங்கே இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. "என் தங்கை அவர் கழுத்தைத் தொடவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லி எனக்கு எழுதினாள். நான் படிக்காமல் எழுத்துப் பிழை திருத்தி அனுப்பினேன்" என்றேன். தாளையும் காட்டினேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "போனது போச்சு. இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். "அன்னைக்கு நான் சொன்னதை நீங்க எல்லாரும் நம்பினீங்க. இதையும் நம்பணும்" என்றேன். அவர் மனைவி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பத்து நாள் உன்னுடையது என்று எழுதியிருக்கிறாய். நாளைப் பங்கு போட நான் தயாராக இல்லை. நீ எழுதினாய். நான் படிக்கவில்லை. அந்தப் பத்து நாளும் அதற்குப் பிறகுதான் வருகிறது. அவர் என்னிடம் சொல்லாததற்கும் நான்தான் காரணம். சொன்னால் குறை கண்டுபிடிப்பேன் என்று அந்த மனிதர் பயந்திருக்கிறார்.

உன் கடிதத்தில் ஆறு பிழை இருக்கிறது. எண்ணாமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. எண்ணினேன், வட்டமிடவில்லை. சிவப்புப் பேனாவைக் கீழ்வீட்டு அம்மாளுக்குப் பால் கணக்கு எழுதக் கொடுத்துவிட்டேன்.

வராதே என்றாய். பழைய அக்காவாக இருந்தால் அந்தச் சொல்லில் பிழை இல்லை என்று பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பேன். இந்த முறை பொருளைப் படித்தேன். வரமாட்டேன்.

பயிற்சியை விடவில்லை. கழுத்து இப்போது தோள் வரை திரும்புகிறது, கொஞ்சம் வலியோடு. ஒரு காலுக்கு முன்னால் ஒரு கால் வைத்து, சுவரைப் பிடிக்காமல் நாற்பது வரை நிற்கிறேன். உன் ஊர் பஸ் நிலையத்திலிருந்து உன் வீட்டுக்கு மேட்டில் நடக்க வேண்டும், படியும் உண்டு என்பது நினைவிருக்கிறது. அதற்காக அறுபது வரை வர வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

எப்போது தோன்றுகிறதோ அப்போது ஒரு அட்டை போடு. டீச்சரிடம் காட்டாதே. வரலாம் என்ற ஒரு சொல் போதும். அதை எந்த 'ர' போட்டு எழுதினாலும் எனக்குப் புரியும்.

அக்கா